கண் விழித்த பிறகு கையையும் ஒருமுறை பாருங்கள்

விபத்துச் சிகிச்சைப் பிரிவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பணியாற்றும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம். நான் ஓர் இயன்முறை மருத்துவர். நீங்கள் உயிரைக் காப்பாற்றி அனுப்புகிறவர்கள் வாரங்கள் கழித்தும், சில வேளை மாதங்கள் கழித்தும் எங்களிடம் வருகிறார்கள். மூச்சு, இரத்தப்போக்கு, மூளை என்று நீங்கள் வைத்திருக்கும் வரிசையில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அந்த வரிசை இல்லையென்றால் எங்களிடம் வர ஆளே இருக்காது. அது முடிந்த பிறகு, கையின் நரம்புகளைச் சோதிக்க உங்களிடம் பத்து நிமிடம் கேட்கவே இதை எழுதுகிறேன்.

அண்மையில் ஓர் இளைஞர் வந்தார். பைக் விபத்தில் தலைக்காயமும் விலா முறிவுகளும் தொடை எலும்பு முறிவும் ஏற்பட்டுப் பிழைத்தவர். சட்டையைக் கழற்றச் சொன்னபோது, இடக்கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, அந்தக் கையை மடியில் கிடத்திக்கொண்டார். தோளின் உருட்சி வற்றிப்போய் எலும்பு முனை தோலுக்கடியில் துருத்தி நின்றது. நான்கு பக்க டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்தக் கையைப் பற்றி இருந்தது, காறை எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டதாக ஒரே ஒரு வரி. எலும்பு கூடினால் கை தானாக எழும் என்று நம்பி வீட்டார் 11 மாதங்கள் காத்திருந்திருக்கிறார்கள்.

தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமுமாக இழுபடும்போது, கழுத்தின் 5 முதல் 8 வரையிலான நரம்பு வேர்களும் மார்பின் முதல் வேரும் சேர்ந்த, கையை இயக்கும் பிரேக்கியல் பிளெக்ஸஸ் நரம்புப் பின்னல் நீள்கிறது, அறுகிறது, சிலருக்குத் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்துவிடுகிறது. பலத்த காயங்களுடன் வருவோரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இது நேர்கிறது. பைக் விபத்துகளில் இன்னும் அதிகம். மயக்கத்தில் இருப்பவரால் கை எழவில்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் உடல் சில தடயங்களைக் காட்டுகிறது. வலியூட்டும்போது மூன்று கைகால்கள் விலகி ஒரு கை மட்டும் அசையாமல் கிடக்கும். அதே பக்கத்துக் கண்ணிமை தாழ்ந்து பாவை சுருங்கியிருக்கும். தலைக்காயக் கணக்கில் எளிதாகச் சேர்ந்துவிடும் இந்த அடையாளம், முதல் மார்பு வேர் பிடுங்கப்பட்டிருக்கலாம் என்று எச்சரிப்பது. மார்பு எக்ஸ்ரேயில் அந்தப் பக்க உதரவிதானம் உயர்ந்திருந்தாலோ, காறை எலும்புக்கடியில் ஓடும் தமனி கிழிந்திருந்தாலோ, நரம்பையும் சந்தேகிக்க வேண்டும்.

அவசரம் எதற்கு என்று கேட்கலாம். நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. நரம்பிழந்த தசையோ 12 முதல் 18 மாதங்களுக்குள் மீட்க முடியாதபடி நார்த்துப்போகிறது. ஆகவேதான் தானாகத் திரும்பாத காயங்களுக்கு 3 முதல் 6 மாதங்களுக்குள் அறுவைச் சிகிச்சை செய்ய நரம்பு அறுவை நிபுணர்கள் விரும்புகிறார்கள். நல்ல நரம்பிலிருந்து சில இழைகளை எடுத்து முழங்கையை மடக்கும் தசைக்கு இணைக்கும் முறையை பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஓபர்லின் 1994இல் வெளியிட்டார். உரிய காலத்தில் செய்தால் கை வாய்வரை எழுகிறது. என்னிடம் வந்த இளைஞருக்கு அந்தக் காலம் ஏறக்குறைய கடந்துவிட்டிருந்தது. அவருக்கு முதல் மூன்று மாதங்களுக்குள் யாரேனும் வழிகாட்டியிருக்கலாமே என்று இன்றும் மனம் ஆறவில்லை.

எனவே நோயாளி கண் விழித்த அன்றும், வார்டுக்கு மாறும் அன்று மீண்டும் ஒருமுறையும், தோளைத் தூக்கவும் முழங்கையை மடக்கவும் மணிக்கட்டை நிமிர்த்தவும் விரல்களை விரிக்கவும் சொல்லிப் பாருங்கள். தோளின் வெளிப்புறத்திலும் சுண்டுவிரலிலும் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று கேளுங்கள். கண்டதைத் தேதியுடன் எழுதுங்கள்; பின்னால் பார்ப்பவருக்கு, கை தேறுகிறதா என்று அறிய அந்த முதல் குறிப்பே அளவுகோல். தசை மின்சோதனை 3, 4 வாரங்களுக்குப் பிறகே தெளிவாகப் பேசும் என்பதால், அதற்கான நாளையும் அப்போதே குறித்துவிடலாம். கத்தி, கண்ணாடி போன்றவற்றால் நரம்பு வெட்டுப்பட்டிருந்தால் காத்திருக்கவே கூடாது. சில நாட்களுக்குள் தைக்க வேண்டும்.

செவிலியர்களிடம் ஒரு வேண்டுகோள்: புரட்டும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தொங்கவிடாமல் தலையணையில் தாங்கி வையுங்கள். எரிகிறது, நசுக்குகிறது என்று நோயாளி சொன்னால் அது வேர் பிடுங்கிய வலியாக இருக்கலாம். மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் தாளில், "இந்தக் கையில் நரம்புக் காயம் இருக்கலாம், மூன்று மாதங்களுக்குள் நரம்பு அறுவை நிபுணரைப் பாருங்கள்" என்று வீட்டாருக்குப் புரியும்படி எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்