வசந்தாவுக்கு, வேளச்சேரியிலிருந்து

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்திருப்பதையும் பேத்தி பேசத் தொடங்கிவிட்டதையும் படித்து மனம் நிறைந்தது. உங்கள் தெருப் பெண்களுக்கு வீட்டிலேயே மட்கு உரம் தயாரிக்கக் கற்றுக்கொடுக்கலாமா, என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறாய். கட்டாயம் கற்றுக்கொடு. பேச்சை மட்டும் குறைத்துக்கொள்.

குப்பையால் என்ன கேடு என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல்தான் பெருங்குடிக் குப்பைமேடு எழும்பியது. அது 2022 ஏப்ரலில் தீப்பிடித்தது. அதே ஆண்டில்தான் அந்தச் சதுப்பு நிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. எனக்கு இன்றும் ஆறவில்லை. மீந்த சோறும் காய்கறித் தோலும் காற்றுப் படாமல் அடியில் புதைந்து அழுகினால் மீத்தேன் உண்டாகிறது. வீட்டுக் குப்பையில் பெரும்பங்கு இந்த ஈரக் குப்பைதான். இதையெல்லாம் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஆர்வமாக உரம் போட வாளியும் வாங்குவார்கள்.

சோதனை அதற்குப் பிறகுதான். சில நாளில் மூடியைத் திறந்தால் புழு நெளியும், வாடை வீசும். வீட்டில் யாராவது முகம் சுளிப்பார்கள். வாளி மொட்டை மாடிக்கு ஏறும். அங்கிருந்து குப்பை வண்டிக்குப் போய்விடும். அதற்குள் நீ அந்த வீட்டுப் படியேற வேண்டும். வகுப்பு நடத்துவதைவிட இதுதான் வேலை, வசந்தா. ஈரம் மிகுந்துவிட்டது, அவ்வளவுதான் என்று சொல்லி, கூட உட்கார்ந்து கிளறிவிட்டு, இரண்டு கை சருகு போட்டுக் காட்டு. புழுவும் கழிவைத் தின்று மட்கத்தான் உதவுகிறது என்று தெரிந்தால் அருவருப்பு பாதி போய்விடும்.

செய்முறை எளிது. பழைய பெயிண்ட் வாளியில் பக்கவாட்டிலும் அடியிலும் துளையிட்டு, கீழே தென்னை நார்க்கழிவைப் பரப்பு. ஒரு பங்கு சமையல் கழிவுக்கு இரண்டு பங்கு சருகு. தொடக்கத்தில் புளித்த மோரை நீர்க்கத் தெளி. கும்பகோணத்தில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை, நறுக்கிப் போடலாம். சாப்பிட்ட வாழை இலையை மட்டும் கிழித்துப் போடச் சொல். முழு இலை படிந்து காற்றை அடைத்துவிடும். இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, உதிர்ந்து, மண் வாசம் வரும்.

பிளாஸ்டிக் பற்றியும் பேசு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை இருக்கிறது, மஞ்சப்பையும் பலர் கையில் வந்துவிட்டது. ஆனால் தோசை மாவும் மீனும் பைக்குள் அடங்குமா? தூக்குவாளியையும் எடுத்துப் போகச் சொல்.

ஒன்றை மட்டும் செய்யாதே. பிள்ளைகளைப் பெற்றோர் மேல் ஏவி விடாதே. பல இடங்களில் இதைப் பெருமையாகச் செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நாளெல்லாம் உழைத்து வந்த தாயை அவள் குழந்தையைக் கொண்டே குற்றவாளியாக்குவது கற்பித்தல் ஆகாது. வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தனித்தனி வாளி சுமையென்றால், நான்கு வீட்டுக்குப் பொதுவாகக் கொல்லையில் ஒரு குழி போதும்.

தை பிறந்ததும் அங்கே வருகிறேன். அதற்குள் இரண்டு வீடாவது சேர்த்துத் தொடங்கி வை; கிளற நானும் கூட இருக்கிறேன்.

அன்புடன்,
சாந்தி