கடைசி நாள் காலையில் கப்பல் டைவ், மாலையில் விமானம்: பயணத் திட்டக் கோளாறு பற்றிய புகார்

அனுப்புநர்
தங்கள் தாய்லாந்துப் பயண வாடிக்கையாளர்,
நரிமேடு, மதுரை.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
பயண ஏற்பாட்டு நிறுவனம், மதுரை.

பொருள்: கோ தாவ் தீவில் நடக்காமல் போன கப்பல் டைவுக்கான பணத்தைத் திருப்பித் தருவதும், பயணத் திட்டத்தைத் திருத்துவதும் குறித்து.

ஐயா,

வணக்கம். போன மாதம் நானும் என் மகளும் உங்கள் நிறுவனம் மூலம் தாய்லாந்தின் கோ தாவ் தீவுக்குப் போய்வந்தோம். ஆறு நாள் பயணம், இரண்டு பேருக்கும் சேர்த்து 2,36,000 ரூபாய் கட்டினோம். அவ்வளவு தூரம் நாங்கள் கிளம்பியதே, கடலுக்கடியில் கிடக்கும் ஒரு கப்பலை இறங்கிப் பார்க்கிற டைவுக்காகத்தான். அந்த டைவ் மட்டும் நடக்கவில்லை. மழையோ அலையோ எங்கள் உடல்நிலையோ அதற்குக் காரணம் இல்லை. நீங்கள் போட்டுக் கொடுத்த பயணத் திட்டம்தான் காரணம். பணத்தைக் கேட்டபோது, "வாடிக்கையாளர் தாமாகவே ரத்து செய்தது, பணம் திரும்பத் தர இயலாது" என்று உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது. அந்த ஒரு வரி உண்மை இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் பழக்கிய தலைமுறை நான். என் மகள் கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். 2018-ல் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஐஎன்எஸ் கடலூர் கப்பலைப் புதுச்சேரிக் கடலில் மூழ்கடித்துச் செயற்கைப் பவளத்திட்டு ஆக்கப்போகிறார்கள் என்ற செய்தியைப் படித்ததிலிருந்து அவளுக்கு இந்த ஆசை பிடித்துக்கொண்டது. இருவரும் புதுச்சேரிக்குப் போய் 'ஓப்பன் வாட்டர்' என்கிற முதல் நிலை டைவ் சான்றிதழ் வாங்கினோம். அதை வைத்துக்கொண்டு 18 மீட்டர் ஆழம் வரைதான் இறங்கலாம். அதற்குக் கீழே 30 மீட்டர் வரை போக 'அட்வான்ஸ்டு' பயிற்சி வேண்டும். உங்கள் கடைக்கு நாங்கள் வந்தபோது நீங்கள் காட்டியது அந்தப் பயிற்சியும் கப்பலும் சேர்ந்த தொகுப்பு.

அந்தக் கப்பலின் பெயர் சட்டாகுட். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1944-ல் அமெரிக்காவில் கட்டியது. பிறகு தாய்லாந்து கடற்படைக்கு வந்தது. ஓய்வு பெற்ற அந்தக் கப்பலை 2011-ல் கோ தாவ் கடலில் வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். நீளம் சுமார் 48 மீட்டர், கிடப்பது 30 மீட்டர் ஆழத்தில். அந்தச் சின்னத் தீவுக்கு டைவ் பழக வருகிற கூட்டம் மிக அதிகம். இயற்கையான பவளப் பாறைகள் மேல் அத்தனை பேரும் போய் விழாமல் இருக்க, அவர்கள் இறங்கிப் பார்க்க வேறோர் இடம் வேண்டும். நாளாக நாளாக இரும்பின் மேல் சிப்பியும் பவளமும் ஒட்டும், மீன் குடியேறும். என் மகள் இதையெல்லாம் படித்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். எந்தெந்த மீனைத் தேட வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்கக் குறிப்பு. அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது.

நீங்கள் கொடுத்த திட்டத்தில் இரண்டாம் நாள் முழுவதும் ஓய்வு, கடைவீதி. மூன்றாம் நாள் இரண்டு டைவ், நான்காம் நாள் இரண்டு டைவ். ஐந்தாம் நாள் காலை ஏழரை மணிக்குக் கப்பல் டைவ். அதே நாள் பகலில் படகில் கோ சமுய், அங்கிருந்து மாலை 5.15-க்குப் பாங்காக் விமானம், ராத்திரியே சென்னை விமானம். "சிறப்பானதைக் கடைசிக்கு வைத்திருக்கிறோம்" என்று உங்கள் ஊழியர் சொன்னார். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. நாங்கள் இரண்டாவது முறை டைவுக்குப் போகிறவர்கள். இதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் நீங்கள். உங்களை நம்பினோம்.

நான்காம் நாள் ராத்திரி டைவ் முடிந்து கரையேறியபோது மணி ஏழரை. மறுநாள் விடிகாலை ஆறரைக்கு நாங்கள் டைவ் கடைக்குப் போனோம். பயிற்சியாளர் தாய்லாந்துக்காரப் பெண். பேச்சுவாக்கில், எப்போது ஊருக்குக் கிளம்புகிறீர்கள் என்று கேட்டார். இன்றைக்கு மாலை விமானம் என்று என் மகள் சொன்னாள். அவர் பதில் பேசாமல் அவள் கையிலிருந்த டைவ் கம்ப்யூட்டரைத் திருப்பி எங்களிடம் காட்டினார். கைக்கடிகாரம் மாதிரி இருக்கும் அந்தக் கருவியின் திரையில் ஒரு சின்ன விமானப் படம், அதன் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் 7 என்ற எண். முந்தைய ராத்திரி டைவுக்கே இன்னும் ஏழு மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்று அர்த்தம். இப்போது கப்பலுக்கு இறங்கினால் அந்த எண் மறுபடி 18-க்குப் போய்விடும். எங்களுக்கு இருந்தது ஒன்பது மணி நேரம். விமான டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார், தலையை ஆட்டினார், எங்கள் இருவரின் பெயரையும் அன்றைய பட்டியலிலிருந்து அடித்தார். மகள் அப்போது டைவ் உடையை இடுப்பு வரை போட்டிருந்தாள். படகு மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போனது. அவள் அந்த உடையோடு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

இந்த விதி ஏன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் திட்டம் போடுவது நீங்கள். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல நான்கு மடங்கு. அங்கே மூச்சு விடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைந்து தங்கிவிடுகிறது. மேலே வந்த பிறகும் அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியேறும். அது வெளியேறி முடிவதற்குள் அழுத்தம் இன்னும் குறைந்தால், கோலி சோடாவில் குண்டைத் தட்டியதும் பொங்குகிற மாதிரி உடம்புக்குள் குமிழி கட்டும். மூட்டு வலியில் ஆரம்பித்து கைகால் மரத்துப்போவது, செயலிழப்பது வரை போகலாம். விமானத்துக்குள் அழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. 8,000 அடி உயர மலை மேல் இருக்கும் அளவுக்குக் குறையலாம், அதாவது நம் கொடைக்கானலை விடவும் உயரம். அதனால்தான் ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் தொடர்ந்து டைவ் செய்திருந்தால் 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். ஓப்பன் வாட்டர் பயிற்சியிலேயே சொல்லித் தருகிற பாடம் இது. எனக்கும் சொல்லித் தந்தார்கள். டிக்கெட்டைக் கையில் வாங்கிய அன்றைக்கே நான் கணக்குப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அந்தத் தவறை மறைக்க விரும்பவில்லை. ஆனால் டிக்கெட்டையும் டைவையும் ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சடித்துக் காசு வாங்கியது நீங்கள்.

அன்று காலையே உங்கள் அவசர எண்ணுக்குப் பேசினேன். எடுத்த தம்பி சொன்னது இதுதான்: "சார், போன பேட்ச்ல எல்லாரும் டைவ் பண்ணிட்டுத்தான் ஃப்ளைட் ஏறுனாங்க, ஒண்ணும் ஆகல. நீங்க டிக்கெட்ட அவங்ககிட்ட காட்டாம இருந்திருக்கலாம்ல?" ஐயா, இருபது வயதுப் பெண்ணைக் கூட்டிப் போன தகப்பனிடம் சொன்ன பதில் இது. அந்தத் தம்பி மேல் நடவடிக்கை எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். சொல்லித் தர வேண்டிய இடத்தில் இருப்பவர் நீங்கள். போன பேட்சுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்கு நிம்மதி தரவில்லை. அவர்களும் இதே திட்டத்தில் போயிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு உறைத்தது.

டிக்கெட்டை மறுநாளைக்கு மாற்ற முடியுமா என்றும் கேட்டேன். இருவருக்கும் 31,000 ரூபாய், அதையும் நாங்களே கட்ட வேண்டும் என்றார்கள். மகளுக்குத் திங்கட்கிழமை கல்லூரியில் தேர்வு. திரும்பிவிட்டோம்.

இழப்பு ஒரு டைவோடு முடியவில்லை. அட்வான்ஸ்டு பயிற்சிக்கு மொத்தம் ஐந்து டைவ். அதில் ஆழ டைவும், திசை அறிந்து நீந்தும் டைவும் கட்டாயம். எங்களுக்கு ஆழ டைவ் அந்தக் கப்பலில்தான் வைத்திருந்தது. அதனால் நான்கு டைவ் முடித்தும் எங்கள் இருவருக்கும் சான்றிதழ் இல்லை. இனி வேறெங்காவது போய்த் தனியாகப் பணம் கட்டி அந்த ஐந்தாவது டைவை முடிக்க வேண்டும். இரண்டாம் நாள் கடைவீதிக்குப் பதிலாகப் பயிற்சியை ஆரம்பித்திருந்தால், நான்காம் நாள் காலையிலேயே கப்பலைப் பார்த்திருப்போம், ஐந்தாம் நாள் நிம்மதியாக விமானம் ஏறியிருப்போம். ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

ஊர் வந்து உங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. வாசல் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதே, 'காலையில் ராமேஸ்வரம் ஸ்கூபா, இரவில் கொடைக்கானல், இரண்டு நாள்' என்று, அதைத்தான் சொல்கிறேன். கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். டைவ் முடித்து அன்றைக்கே மலை ஏறுவதும் அன்றைக்கே விமானம் ஏறுவதும் ஒரே கதைதான். ராமேஸ்வரத்தில் முதல் முறை இறங்குகிறவர்களைக் கொஞ்ச ஆழத்துக்குத்தான் கூட்டிப் போவார்கள், ஆபத்து குறைவு என்று நீங்கள் சொல்லலாம். இருந்தாலும் காத்திருக்கும் நேரம் அவர்களுக்கும் உண்டு. முதல் நாள் கொடைக்கானல், மறுநாள் ராமேஸ்வரம் என்று திருப்பிப் போட்டால் போதும். குடும்பத்தோடு, பிள்ளைகளோடு வருகிறவர்கள் அதில் போகிறார்கள். என் பணத்தை நீங்கள் தருவதற்கு முன்பே இதை மாற்றிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு வேண்டியது இது. கப்பல் டைவுக்கும் ஆழ டைவ் பயிற்சிக்கும் உங்கள் ரசீதில் தனியாகக் காட்டியிருக்கும் தொகை இருவருக்கும் சேர்த்து 19,500 ரூபாய். அதைத் திருப்பித் தர வேண்டும். மொத்தப் பயணத் தொகையையும் நான் கேட்கவில்லை. தங்குமிடம் நன்றாக இருந்தது, மற்ற நான்கு டைவும் அருமையாக நடந்தன, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது, "வாடிக்கையாளர் தாமாகவே ரத்து செய்தது" என்று பதிவு செய்ததை நீக்கி, திட்டக் கோளாறால் நடக்கவில்லை என்று எழுத்தில் தர வேண்டும். விமானத்துக்கு முன் காத்திருக்க நேரம் போதாததால் தாங்கள்தான் எங்களைக் கடலில் இறக்கவில்லை என்று அந்த டைவ் கடை கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். உங்கள் திட்டத் தாள், விமான டிக்கெட், ரசீது நகல்களும் உள்ளன. அப்புறம், இதே திட்டத்தில் அடுத்து போகவிருப்பவர்கள் எல்லோருக்கும் இப்போதே தகவல் சொல்லி நாட்களை மாற்றிக் கொடுங்கள்.

15 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். வரவில்லை என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனு கொடுப்பேன். அது வரை போகாமல் பேசி முடித்துக்கொள்ளவே விரும்புகிறேன். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று சொன்னால் எல்லாத் தாள்களையும் எடுத்துக்கொண்டு நேரில் வருகிறேன். மகளும் வருவாள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
நரிமேடு, மதுரை.

இணைப்பு: நகல்கள் நான்கு.