பிளாக்ஜாக் அட்டவணையும் அதன் அடியில் இல்லாத கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளாக்ஜாக் என்பது, 21ஐத் தாண்டாமல், சீட்டு பரிமாறும் டீலரைவிட அதிகத் தொகை சேர்க்க முயலும் சீட்டாட்டம். அதன் 'அடிப்படை உத்தி'யைப் பழகிக்கொண்டால் வெற்றி நிச்சயம் என்ற தொனியில் தங்கள் வார இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எந்தக் கைக்கு என்ன செய்ய வேண்டும் என்று உடன் அச்சிட்டிருந்த அட்டவணையில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்த அட்டவணை எந்தக் கேள்விக்கு விடை என்பது கட்டுரையில் எங்குமே சொல்லப்படவில்லை. பல ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் அந்தக் குறையைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

1956ஆம் ஆண்டில் ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கேன்டி, ஹெர்பர்ட் மெய்செல், ஜேம்ஸ் மெக்டெர்மாட் ஆகிய நால்வரும், அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய காலத்தில் மேசைமேல் வைக்கும் கால்குலேட்டர்களைக் கொண்டே கணக்கிட்டு, அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் இந்த உத்தியை வெளியிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து எட்வர்ட் தார்ப் கணினியின் துணையோடு அதைச் செம்மைப்படுத்தினார். நம் கையில் உள்ள தொகையும் டீலரின் திறந்த சீட்டும் தெரிந்த நிலையில், எந்த முடிவு சராசரியாகக் குறைந்த நஷ்டத்தையோ கூடுதல் ஆதாயத்தையோ தரும் என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. ஆகவே அட்டவணையின் பல கட்டங்கள் வெல்லும் வழியைக் காட்டுபவை அல்ல. இரண்டு கெட்ட வழிகளில் எது சற்றுக் குறைவாகக் கெட்டது என்று காட்டுபவை.

என் தங்கை மகனுக்கு இந்த ஆட்டத்தைக் காசு வைக்காமல், தீக்குச்சிகளைப் பணயமாக வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அவன் கையில் 10ம் 6ம் சேர்ந்து 16. டீலராக அமர்ந்த என் முன் ஒரு 10 திறந்திருந்தது. "இன்னொரு சீட்டு வாங்கினால் போய்விடும் மாமா, இப்படியே நிற்கிறேன்" என்றான். ஏஸ் முதல் ராஜா வரை 13 சீட்டுகளை மேசைமேல் வரிசையாகப் பரப்பினேன். படச் சீட்டுகளுக்கும் மதிப்பு 10தான்; ஏஸை 1 என்றோ 11 என்றோ எண்ணிக்கொள்ளலாம். ஏஸ் முதல் 5 வரையான ஐந்தும் அவனைக் காப்பாற்றும். 6 முதல் ராஜா வரையான எட்டும் 21ஐத் தாண்டவைத்துவிடும். எட்டுக்கு ஐந்து என்ற நிலையில் அவன் தயங்கியது நியாயம்தான். ஆனால் நின்றால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? டீலர் 17ஆவது சேரும்வரை சீட்டு எடுத்தே ஆக வேண்டும்; ஆகவே அவர் 21ஐத் தாண்டினால் மட்டுமே 16 வெல்லும். 10ஐத் திறந்து வைத்திருக்கும் டீலர் தாண்டுவது நான்கில் ஒரு முறைகூட இல்லை. இரண்டு வழிகளிலும் 100 குச்சிக்குச் சராசரியாக ஏறத்தாழ 54 குச்சி நஷ்டம். சீட்டு வாங்குவது மயிரிழை அளவுக்கு மேல், அவ்வளவுதான். அதே டீலரிடம் 6 திறந்திருந்தால் அவர் தாண்டும் வாய்ப்பு ஏறத்தாழ 42 விழுக்காடு. அப்போது 16ஐ வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பதே சரி. இந்தக் காரணம் மனத்தில் பதிந்த பிறகு அட்டவணையில் பாதியை அவன் தானாகவே எழுதிவிட்டான். ஏஸும் 7ம் சேர்ந்த 18ஐ வைத்துக்கொண்டு, டீலரின் 9க்கோ 10க்கோ எதிராகச் சீட்டு வாங்க வேண்டும் என்பதை ஏற்கத்தான் அவனுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

'இன்சூரன்ஸ்' பற்றி அந்தக் கட்டுரை ஒரே வரியில், "நல்ல கை இருந்தால் எடுக்கலாம்" என்று கூறுகிறது. இதை நான் முற்றிலும் மறுக்கிறேன். டீலரிடம் ஏஸ் திறந்திருக்கும்போது, அவருடைய மூடிய சீட்டு 10 மதிப்புள்ளது என்று கட்டும் தனிப் பணயமே இது; ஒன்றுக்கு இரண்டு தருவார்கள். ஒரே சீட்டுக்கட்டில் ஆடும்போது நம் கையில் இரண்டு பத்துகள் இருந்தால், நாம் பார்க்காத 49 சீட்டுகளில் 14 மட்டுமே பத்துகள். 14 முறை 200 வீதம் கிடைத்து, 35 முறை 100 வீதம் போனால் மொத்தத்தில் 700 நஷ்டம். அதாவது கட்டும் ஒவ்வொரு நூறுக்கும் 14க்கு மேல் போகிறது. கை நன்றாக இருக்கிறது என்பதே பத்துகள் நம்மிடம் வந்துவிட்டன என்பதற்கு அடையாளம். ஆகவே அந்த நேரத்தில்தான் இந்தப் பணயம் மிக மோசமாகிறது.

கட்டுரை தொடாமல் விட்ட வேறொன்றும் உண்டு. உத்தியைப் பிசகாமல் பின்பற்றினாலும், விதிகள் சாதகமாக உள்ள மேசையில், கட்டும் தொகையில் ஏறத்தாழ அரை விழுக்காடு சூதாட்ட விடுதிக்கே சேரும். 100 ஆட்டம் ஆடினால் சராசரி நஷ்டம் அரைப் பணயம். ஆனால் அந்த 100 ஆட்டங்களில் வரும் ஏற்ற இறக்கமோ சாதாரணமாகவே 11 பணயம் அளவுக்கு இருக்கும். எனவே ஒரு மாலையில் தாறுமாறாக ஆடியவர் வென்றுவிடுவதும், முறையாக ஆடியவர் தோற்றுவிடுவதும் இயல்பே. அதைக் கண்டு உத்தி பொய்த்தது என்று நினைப்பவரும், ஒரு நாள் வென்றுவிட்டு உத்தி வருமானம் தருகிறது என்று நம்புபவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். பின்னவரை நினைத்தே எனக்குக் கவலை அதிகம்.

முதல் இரண்டு சீட்டுகளே ஏஸும் 10 மதிப்புள்ள சீட்டுமாக அமையும் 'பிளாக்ஜாக்' கை வந்தால் 3:2 தருவதற்குப் பதிலாக 6:5 தரும் மேசைகளும் இருக்கின்றன. 10 கட்டியவருக்கு 15 கிடைக்க வேண்டிய இடத்தில் 12தான் கிடைக்கும். ஏறத்தாழ 21 ஆட்டத்துக்கு ஒரு முறை வரும் கையில் இந்த மூன்று குறைந்தால், கட்டும் தொகையில் மேலும் 1.4 விழுக்காடு போய்விடுகிறது. அட்டவணை முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தாலும் இதை ஈடுகட்ட முடியாது.

அந்த அட்டவணையைத் தாங்கள் மீண்டும் வெளியிடுவதாக இருந்தால், அது எத்தனை சீட்டுக்கட்டுகளுக்கு உரியது, ஏஸை 11 என்று எண்ணி வரும் 17இல் டீலர் நிற்பாரா சீட்டு எடுப்பாரா, பிளாக்ஜாக்குக்கு என்ன விகிதம் என்ற மூன்று விவரங்களையும், உத்திக்குப் பிறகும் ஆடுபவருக்கு எஞ்சும் நஷ்ட விழுக்காட்டையும், அட்டவணையின் அதே எழுத்தளவில் அதன் கீழேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்