லைசென்ஸ்ல ஏரியா பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பெங்களூருல இருந்து பொங்கலுக்கு சேலம், தர்மபுரி பக்கம் கார்ல போற நம்மாளுங்கள்ல சிலர் தோட்டத்துக் காவலுக்குன்னு வாங்கின துப்பாக்கியையும் கூடவே எடுத்துட்டுப் போறாங்க, லைசென்ஸ் இருக்கே அப்புறம் என்னன்னு கேக்குறாங்க. லைசென்ஸ் எந்த ஏரியாவுக்கு செல்லும்னு அதுலயே போட்டிருக்கும், அதை யாருமே படிக்கறதில்ல. கர்நாடகாவுக்கு மட்டும்னு இருந்தா அத்திப்பள்ளி தாண்டி ஓசூருக்குள்ள நுழைஞ்சதுமே அது செல்லாது, ஆயுதச் சட்டப்படி கேஸ் ஆகும், ஜெயில் வரைக்கும் போகலாம்.

2019 திருத்தத்துக்கு அப்புறம் பொதுவா ஒருத்தர் 2 துப்பாக்கிதான் வெச்சுக்க முடியும், முன்னாடி 3. தேர்தல் நேரம்னா ஸ்டேஷன்ல ஒப்படைக்கவும் சொல்லுவாங்க, ரெண்டு மாநிலத்துலயும் நிலவரம் என்னன்னு கேட்டுட்டுதான் கிளம்பணும். ஏரியாவை விரிவாக்கி வாங்கினவங்களும் ஒரிஜினல் லைசென்ஸை கையில வெச்சுக்கணும், குண்டை கழட்டி தனி டப்பாவுல போட்டு, துப்பாக்கியை உறையில வெச்சு டிக்கியில பூட்டிடுங்க, ஹோட்டல்ல சாப்பிடப் போறப்ப பசங்களை அது இருக்கற கார்ல தனியா விட்டுட்டுப் போறதைப் பாத்தா எனக்கு வயிறு கலங்குது. பண்டிகைக்கு முன்னாடி உங்க பேப்பர்ல போலீஸ் அதிகாரிங்ககிட்டயே கேட்டு இதை விவரமா ஒரு பக்கம் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு