ஏரிக்கரைக் கம்பத்துக்குக் கேம்பர்வேனில் போகிறவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கேம்பர்வேன் (படுக்கை, அடுப்பு, கழிப்பறை உள்ள வேன்) வாடகைக்கு எடுக்கும் பேச்சு கிளம்பிவிடுகிறது. எல்லார் மனத்திலும் ஒரே படம்தான்: தண்ணீர் ஓரத்தில் வண்டி, கதவைத் திறந்தால் ஏரி. கோலகங்சாரிலிருந்து கிரிக் போகும் 76ஆம் எண் கூட்டரசுச் சாலையில் வரும் ராபான் ஏரி அந்தப் படத்துக்குத் தோதான இடம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே எத்தனை இரவு தங்கலாம் என்பதை ஏரியின் அழகு முடிவு செய்யாது. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, கழிவை எங்கே கொட்டப் போகிறோம், சக்கரத்துக்கு அடியில் என்ன மண், இந்த மூன்றும்தான் முடிவு செய்யும்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. குளிப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் சிக்கனமாகச் செலவழித்தாலே ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் வேண்டும். நால்வருக்கு 60. 100 லிட்டர்த் தொட்டி இரண்டாம் நாள் மாலைக்குள் காலியாகிவிடும். பெரிய தொட்டி வைத்தால் தீராதா என்றால், 100 லிட்டர் என்பது 100 கிலோ. பாதி நிரம்பிய தொட்டி வளைவுகளில் அலைமோதி வண்டியை ஆட்டும். ஆகவே கோலகங்சாரில் நிரப்பிக்கொண்டு கிளம்பி, இரண்டு இரவோடு முடித்துக்கொள்வதே புத்திசாலித்தனம். வாடகை வண்டியின் தொட்டியை அப்படியே நம்பவும் வேண்டாம். வாசனை சேர்க்காத 5 விழுக்காட்டுக் குளோரின் பிளீச்சை லிட்டருக்கு 1 மில்லி வீதம் கலந்து தொட்டியை நிரப்புங்கள். எல்லாக் குழாய்களிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்துவிட்டு, 4 மணி நேரம் ஊறவிட்டு வடித்து, வாடை போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். அப்படிச் செய்தாலும் குடிக்கத் தனிக் குடம் வைப்பதே நல்லது. ஏரித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது.

இனி, யாரும் பேசக் கூசும் விஷயம். வேனில் இருப்பது கேசட் கழிப்பறை; கழிவு சேரும் பெட்டியைத் தனியே இழுத்தெடுத்துக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அந்தப் பெட்டி 18 முதல் 20 லிட்டர் பிடிக்கும். நால்வர் பயன்படுத்தினால் இரண்டே நாளில் நிறைந்துவிடும். நம் வெயிலில் அதற்கு மேல் வைத்தால், நாற்றத்தை அடக்கப் பெட்டியில் ஊற்றும் மருந்தும் எடுபடாது. பெட்டியைக் கொட்டப் போவது கம்பத்து (மலாய் கிராமத்து) வீட்டுக் கழிப்பறையில். அந்த வீடுகளில் பெரும்பாலும் தனித்தனிக் கழிவுத் தொட்டிகள். அவற்றில் கழிவைச் சிதைப்பவை பாக்டீரியாக்கள். ஃபார்மலின் கலந்த நீல மருந்து அந்தப் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். விருந்தினர் போன பிறகு அந்த வீட்டுக் கழிவுத் தொட்டி நாறத் தொடங்கினால் அதற்கு நாமே காரணம். கழிவுத் தொட்டிக்கு ஏற்றது என்று போட்டிருக்கும் உயிரி மருந்தையே வாங்குங்கள்.

கொட்டும்போது பெட்டியின் மூக்கை வண்டியிலிருந்து விலக்கித் திருப்பி, மூடியைக் கழற்றி, மூக்கைக் கழிப்பறைக் குழிக்கு மிக அருகில் தாழ்த்துங்கள். கைப்பிடி அருகே காற்றுப் பொத்தான் ஒன்று இருக்கும். பெட்டி சாய்ந்து மூக்கு கீழே பார்த்த பிறகே அதைப் பெருவிரலால் அழுத்த வேண்டும். அழுத்தாமல் கொட்டினால் காற்று உள்ளே போக வழியின்றிக் 'களக், களக்' என்று விக்கி, சட்டை முழுக்கத் தெறிக்கும். பிறகு 2 லிட்டர் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒருமுறை கொட்டி, அடியில் கொஞ்சம் தண்ணீரும் அளவான மருந்தும் விட்டு மூடலாம். பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீருக்கும் இதே மரியாதைதான். சாலையோரக் கால்வாயில் திறந்துவிட்டால் அது ஏரிக்குத்தான் போகும்.

அடுத்து மண். ராபான் இயற்கை ஏரி அன்று. 1930இல் கட்டி முடித்த செண்டரோ அணையின் நீர்த்தேக்கத்தில் ஒரு பகுதி. அதற்கு மேலே பேராக் ஆற்றில் தெமெங்கோர், பெர்சியா, கெனரிங் என மூன்று அணைகள் உள்ளன. மேலணையில் தண்ணீர் திறந்தால், நாம் நிற்கும் இடத்தில் மழையே இல்லாவிட்டாலும் கரையில் நீர் ஏறும். நேற்று உலர்ந்து கிடந்த புல்வெளி காலையில் சொதசொதவென்று இருக்கும். பின்சக்கர இழுவை வேன் ஈரப்புல்லில் சுழலத் தொடங்கினால், மிதிக்க மிதிக்கப் புதையும். இறங்கி நடந்து பாருங்கள். குதிகாலை ஊன்றினால் ஓர் அங்குலம் பதிகிற இடத்தில் மூன்று டன் வண்டியை விடக்கூடாது. எங்கே நிறுத்தினாலும் முகம் சாலையைப் பார்த்திருக்கட்டும்.

அதனால்தான் கரையில் நிறுத்துவதைவிட, கம்பத்தில் ஒரு ஹோம்ஸ்தே (விருந்தினருக்கு வாடகைக்கு விடும் வீடு) முற்றத்தைப் பேசி எடுப்பது மேல். அங்கேயும் ஒரு பொறி உண்டு: வாசல் கால்வாய் மேல் போட்ட சிமெண்டுப் பலகை. மோட்டார் சைக்கிளுக்கும் சின்னக் காருக்கும் போட்டது வேன் ஏறினால் விரிசல் விடும். வண்டியின் பின்புறம் நீளமாக இருந்தால் கழிவுக் குழாய் அதில் உரசும். வண்டி உயரத்தை மீட்டரில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். கம்பத்து நுழைவு வளைவுக்கும் தோட்டச் சாலையின் உயரத் தடுப்புக்கும் அது உதவும். குறுக்கு வழி என்று செம்பனைத் தோட்டத்துக்குள் வரைபடச் செயலி திருப்பினால் திரும்ப வேண்டாம். பழம் ஏற்றும் லாரி எதிரே வந்தால் ஒதுங்க இடமிருக்காது.

மின்சாரம். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் ஏறக்குறைய 1,280 வாட்-மணி இருக்கும். 12 வோல்ட் குளிர்ப்பெட்டி நாளுக்கு 500, 600 எடுத்துக்கொள்ளும். இரண்டு விசிறி இரவெல்லாம் ஓடினால் இன்னொரு 250. குளிர்சாதனத்தைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் கதை முடிந்தது. குளிரில் தூங்கியே ஆக வேண்டுமென்றால் வீட்டு இணைப்பு வேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் மூவிழைக் கேபிளைச் சுருளில் வைக்காமல் முழுவதும் விரித்துப் போடுங்கள். சுருளோடு விட்டால் உள்ளுக்குள் சூடேறி உருகும். மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பானும் கட்டாயம். 13 ஆம்பியர் பிளக்கின் எல்லை ஏறக்குறைய 3,000 வாட். குளிர்சாதனம் ஓடும்போதே மின்கேத்தலும் போட்டால் எல்லையைத் தொட்டுவிடும், பழைய வீட்டு வயர் அதைத் தாங்காது. ஜெனரேட்டரைக் கம்பத்தில் ஓட்டுவது அநாகரிகம்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும். தரையில் இருக்கும் காற்றோட்டத் துளையை எறும்பு வருகிறது என்று துணியால் அடைக்காதீர்கள். ஓட்டும்போது சிலிண்டரை மூடிவிடுங்கள். சின்ன அடுப்பின் கேஸ் குப்பிகளை மதிய வெயிலில் பூட்டிய வண்டிக்குள் விட வேண்டாம். இட்லி அவிப்பதும் கறி வதக்குவதும் வெளியே, வண்டியோரம் இழுத்து விரிக்கும் பந்தலின் கீழ். உள்ளே செய்தால் மெத்தை வரை மசாலா வாடைதான்.

ஆனால் அந்தப் பந்தலைப் பிற்பகல் மழைக்கு முன் சுருட்டிவிடவேண்டும். பேராக்கின் உட்பகுதியில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை வழக்கம். விரித்தே வைத்திருந்தால் பந்தலின் தாங்குகால்களில் ஒன்றையாவது தாழ்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் தேங்கும் நீரின் பாரத்தில் பந்தலின் கை வளைந்துவிடும். நிழலுக்கு ஒதுங்குமுன் அண்ணாந்தும் பாருங்கள். டுரியான் மரமாக இருந்தால் விலகி நிறுத்துங்கள்.

மலாய்க்காரர் கம்பம் அது. சூராவ் (சிறு தொழுகைக் கூடம்) குழாயில் கேட்காமல் தொட்டி நிரப்புவதும், வெள்ளிக்கிழமை மதியம் அதன் வாசலில் வண்டியைக் குறுக்கே போடுவதும் அடுத்து வருகிற வேன்களுக்கும் கதவைச் சாத்திவிடும். பெக்காசாம் மீன் வாங்குவதாக இருந்தால் கடைசி நாளில் வாங்கி, இரட்டைப் பையில் கட்டிக் காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள். உப்பும் வறுத்த அரிசியும் போட்டுப் புளிக்க வைத்தது. ஒருமுறை சிந்தினால் வாடகை வண்டியின் முன்பணம் திரும்பாது. பாதி நாள் மிஞ்சினால், 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த லெங்கோங் பள்ளத்தாக்கு அதே சாலையில்தான் இருக்கிறது.

வட்டார மன்றங்கள் 76ஆம் எண் சாலையில் ஏதேனும் ஓர் ஓய்விடத்தில் ஒரு குடிநீர்க் குழாயும் கழிவுத் தொட்டியோடு இணைந்த ஒரு கொட்டுகுழியும் அமைத்தால், ஏரிக்குப் போகும் அழுக்கில் பாதி குறையும். அதுவரை, முன்பதிவுக்கு ஹோம்ஸ்தேக்காரரை அழைக்கும்போது அறை வாடகை கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்: வாசல் அகலம் எத்தனை அடி, கால்வாய்ப் பலகை லாரி தாங்குமா, முற்றத்திலிருந்து பிளக்குக்கு எத்தனை மீட்டர், கேசட் பெட்டியை எந்தக் கழிப்பறையில் கொட்டலாம்.

இப்படிக்கு,
வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்