கேன்வாஸும் துணிதான், தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

பையனுக்கு நீ தைத்த ஜிப்பாவின் போட்டோ பார்த்தேன். தோளும் கையும் அவ்வளவு நேர்த்தி. ஒரே ஒரு தடவை துவைத்ததும் காலர் மட்டும் கொப்பளம் கொப்பளமாகக் கிளம்பிவிட்டது என்று வருத்தப்பட்டிருந்தாய். பேட்டர்ன் (அளவு வரைந்த வெட்டுக் காகிதம்) வைத்துத் தைக்கப் பழகும் நிறைய பேருக்கு இதே தொல்லை இருப்பதால், வாட்ஸ்அப்பில் சொல்லாமல் இங்கேயே எழுதுகிறேன்.

காலர் விறைப்பாக நிற்க உள்பக்கம் அயர்ன் செய்து ஒட்டுகிறோமே, ஒரு பக்கம் பசை தடவிய துணி, அந்தக் கேன்வாஸில்தான் கோளாறு. முதலில் அந்தக் காலர்மேல் ஈரத்துணி போட்டு அயர்ன் பாக்ஸை நன்றாக அழுத்திப் பார். பசை அன்றைக்குச் சரியாக உருகவில்லை என்றால் இப்போது பிடித்துக்கொள்ளும். அப்படியும் அடங்கவில்லையா? துணி ஒரு அளவும் கேன்வாஸ் வேறு அளவுமாகச் சுருங்கியிருக்கிறது. காலரைப் பிரித்துப் புதிதாக வெட்டத்தான் வேண்டும்.

காட்டன் வாங்கினால் துவைத்துக் காயவைத்து வெட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். புதுத் துணியின் கஞ்சி போனால்தான் பசையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் கேன்வாஸை யாரும் துவைப்பதில்லை. வெளியே தெரியாத சாமான்தானே என்று அப்படியே வெட்டிவிடுகிறோம். அதுவும் துணிதான். நெய்த கேன்வாஸை வெதுவெதுப்பான தண்ணீரில் விரித்து ஊறவிடு, தண்ணீர் ஆறியதும் எடுத்துப் பிழியாமல் கொடியில் போடு. அந்தச் சூட்டுக்குப் பசை உருகாது, பயப்படாதே.

வெட்டும்போதும் அப்படித்தான். நெய்த கேன்வாஸுக்கு நேர்நூல், குறுக்குநூல் உண்டு. பேட்டர்னில் இருக்கும் அம்புக்குறி அதற்கும் சேர்த்துத்தான். காகிதம் மாதிரி இருக்கும் நெய்யாத ரகத்துக்குப் பெரும்பாலும் இந்தக் கவலை இல்லை, ஆனால் சட்டைக் காலருக்கு எனக்கு அது பிடிக்காது. மடிக்கிற இடத்தில் முறிந்த மாதிரி கோடு விழும். இன்னொன்று, இடம் வலம் மாறக்கூடிய துண்டுகளை வெட்டும்போது பசைப் பக்கம் மேலே பார்க்கட்டும், பேட்டர்னின் அச்சுப் பக்கமும் மேலே பார்க்கட்டும். சொரசொரவென்று புள்ளி புள்ளியாகக் கையில் படுவதுதான் பசைப் பக்கம். பேட்டர்ன்களில் பெரும்பாலும் தையலுக்கு 1.5 செ.மீ. விட்டிருப்பார்கள். கனமான கேன்வாஸ் என்றால் அந்த ஓரத்தை வெட்டிவிடு, காலர் முனைகளையும் சாய்வாகக் கத்தரி. இல்லாவிட்டால் திருப்பும்போது முனை உருண்டுபோகும். மெல்லியது என்றால் ஓரத்தோடு சேர்த்தே தைக்கலாம்.

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் துணிக்கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள், எவ்வளவு சூடு, எத்தனை விநாடி என்ற குறிப்பு கூட வராது. அதனால் மிச்சத் துணியில் ஒரு சாண் எடுத்து, அதில் பாதிக்கு மட்டும் கேன்வாஸ் ஒட்டிப் பார். ஆறியபிறகு கையில் மடி, கசக்கு, ஒரு தடவை துவை. ஒட்டின பாதி அட்டை மாதிரி நின்றால் அதைவிட மெல்லியதாக வாங்கு. பேட்டர்னில் என்ன போட்டிருந்தாலும் சரி, உன் கையில் இருக்கும் துணி கேட்பதைத்தான் கொடுக்க வேண்டும். இந்த ஒரு சாண் துணிக்குக் கணக்குப் பார்க்காதே, தங்கச்சி.

அப்புறம் ஒட்டுவது. தோசை மாவைத் தேய்க்கிற மாதிரி அயர்ன் பாக்ஸை இழுக்கக் கூடாது. இழுத்தால் கேன்வாஸ் நகர்ந்து, துணி கோணலாகிவிடும். மேலே ஈரத்துணி போட்டு, வைத்து அழுத்து, 10 முதல் 15 விநாடி அசையாதே, தூக்கி, முந்தின இடத்தில் கொஞ்சம் ஏறி நிற்கிற மாதிரி அடுத்த இடத்தில் வை. முடிந்ததும் உடனே கையில் எடுக்காதே. பசை ஆறினால்தான் இறுகும், சூட்டோடு தூக்கினால் அந்த வளைவிலேயே நின்றுவிடும். அரை மணி நேரம் மேசையிலேயே கிடக்கட்டும். அந்த நேரத்தில் ஜிப்பாவின் கைத் துண்டுகளை வெட்டலாம், பாபின் சுற்றலாம்.

பட்டு, ஜார்ஜெட், ஜரிகைத் துணிகளுக்கு மட்டும் யோசித்துச் செய். சூடு பட்டால் சிலது பளபளக்கும், சிலதில் பசை மேலே கசியும். அதற்கெல்லாம் பசையில்லாத ஆர்கன்சாவை (மெல்லிய, விறைப்பான துணி) அளவாக வெட்டி, உள்பக்கம் வைத்துக் கையால் ஓட்டுத் தையல் போட்டுக்கொள். நேரம் பிடிக்கும், ஆனால் பட்டு பட்டாகவே விழும். அடுத்து என்ன துணி எடுக்கிறாய் என்று முன்கூட்டியே சொன்னால், கேன்வாஸ் வாங்க நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
அக்கா