51 முதல் 54 வரை

தேஜோன், தென் கொரியா,
ஞாயிறு இரவு.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

டோபிக் என்கிற கொரிய மொழித் தேர்வில் பாஸ் மார்க் எவ்வளவு என்று கேட்டிருந்தாய். அப்படி ஒன்று கிடையாதுடா. வாங்குகிற மொத்த மதிப்பெண்ணுக்கு ஏற்ப நிலை கிடைக்கும். முதல் தாளில் கேட்டலும் வாசிப்பும் மட்டும்தான், மொத்தம் 200. அதில் 80 எடுத்தால் 1-ஆம் நிலை, 140 எடுத்தால் 2-ஆம் நிலை. உனக்கு அந்தத் தாள் வேண்டாம். இங்கே பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கேட்பது 3-ஆம் நிலை அல்லது 4-ஆம் நிலை. அது இரண்டாம் தாள். கேட்டல், எழுத்து, வாசிப்பு ஒவ்வொன்றுக்கும் 100, ஆக 300. 120-க்கு 3-ஆம் நிலை, 150-க்கு 4, 190-க்கு 5, 230-க்கு 6.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார். பகுதிவாரியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் எதுவும் இல்லை. கேட்டலில் 50 கேள்வி, வாசிப்பில் 50 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். இரண்டிலும் முப்பது முப்பது சரியாகப் போட்டாலே 120 வந்துவிடும், எழுத்துப் பகுதியில் ஒரு வரிகூட எழுதாமல். அதனால்தான் பலரும் எழுத்தைத் தொடாமலே படிக்கிறார்கள். 5-ஆம் நிலைக்கு அந்தக் கணக்கு செல்லாது. எழுத்தில் பூஜ்யம் என்றால் மற்ற இரண்டிலும் 95 வாங்க வேண்டும், அது நடக்கிற காரியமா? கொரிய அரசு உதவித்தொகையில் வருகிறவர்களுக்கு முதல் ஒரு வருடம் மொழிப்படிப்பு. அது முடிவதற்குள் 3-ஆம் நிலை எடுத்தாக வேண்டும். வரும்போதே 5 கையில் இருந்தால் அந்த ஒரு வருடம் மிச்சம். ஆகவே எழுத்தை முதல் நாளிலிருந்தே எழுதிப் பழகு என்பதுதான் என் கட்சி.

எழுத்தில் நாலே கேள்வி, 51 முதல் 54 வரை. நேரம் 50 நிமிடம். 51-உம் 52-உம் கோடிட்ட இடம் நிரப்புவது, தலா 10 மதிப்பெண். அச்சிட்ட வாக்கியத்தில் ஏற்கெனவே உள்ள சொல்லைத் திரும்ப எழுதினால் வாக்கியம் கெட்டுப்போகும், மதிப்பெண்ணும் போகும். இடைவெளிக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும். நாம் ‘ஏனென்றால்’ என்று ஆரம்பித்தால் ‘என்பதால்தான்’ என்று முடிப்போம் அல்லவா? கொரிய மொழியிலும் இப்படி ஜோடி ஜோடியாக வரும். முன்பாதியைக் கண்டதும் பின்பாதி கைக்கு வந்துவிட வேண்டும்.

53-இல் ஒரு வரைபடமோ புள்ளிவிவரமோ கொடுப்பார்கள். அதை 200 முதல் 300 எழுத்துக்குள் விவரிக்க வேண்டும், 30 மதிப்பெண். சொந்தக் கருத்து ஒன்றும் வேண்டாம். யாரிடம் கேட்டார்கள், எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது, காரணம் என்ன என்று படத்தில் இருப்பதை மட்டும் எழுதினால் போதும். கூடுவதற்கு ‘ஜுங்கா’, குறைவதற்கு ‘கம்சோ’. இந்த இரண்டு சொல்லும் தெரியாமல் அறைக்குள் போகாதே. 54 கட்டுரை, 600 முதல் 700 எழுத்து, 50 மதிப்பெண். கேள்வியிலேயே உட்கேள்விகள் இருக்கும், ஒன்றை விட்டாலும் இழப்புதான். கேள்வித்தாளின் வாக்கியத்தை அப்படியே பெயர்த்து எழுதவும் கூடாது. முதல் இரண்டுக்கும் சேர்த்து 8 நிமிடம், 53-க்கு 12 நிமிடம், மீதி முப்பதும் கட்டுரைக்கு என்று வைத்துக்கொள்.

எழுத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்று சொல்கிறேன். விடைத்தாள் கட்டம் போட்ட தாள். ஓர் அசைக்கு ஒரு கட்டம். ‘ஹங்குக்’ என்பதை நாம் எழுதினால் நான்கு எழுத்து, அவர்களுக்கு இரண்டே கட்டம். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே விடும் வெற்றுக் கட்டமும் கணக்கில் சேரும். பத்தி தொடங்கும்போது முதல் கட்டத்தைக் காலியாக விடு. நமக்கு ஒரு வசதி உண்டு. ‘பள்ளிக்கு’ என்பதில் ‘கு’ ஒட்டியே வருவதுபோல அவர்களுடைய உருபும் பெயரோடு ஒட்டித்தான் வரும். வினைச்சொல்லும் கடைசியில்தான். எங்கே இடம் விடுவது, எங்கே ஒட்டுவது என்பது நமக்கு ஓரளவு தானாகவே வரும்.

நம் ஆட்கள் சறுக்குவது வாக்கிய முடிவில். கடையிலும் பேருந்திலும் நாடகத்திலும் காதில் விழுவதெல்லாம் ‘ஹேயோ’ என்று ‘யோ’வில் முடியும் பேச்சு. நாமும் கட்டுரையை அப்படியே முடித்துவிடுவோம். 53-க்கும் 54-க்கும் அது ஆகாது. செய்தித்தாள் நடையில் ‘ஹந்தா’ என்று ‘தா’வில் முடிக்க வேண்டும். 51-இல் பெரும்பாலும் அறிவிப்போ மின்னஞ்சலோ வரும், அங்கே மரியாதை முடிவு. கொடுத்திருக்கும் மற்ற வாக்கியங்கள் எப்படி முடிகின்றனவோ அப்படியே நீயும் முடி. நாடகம் பார்த்துப் பேசப் பழகு, எழுதுவதற்குச் செய்தி படி.

கேட்டலில் முதல் 20 கேள்விக்கு ஒலிப்பதிவு ஒரே தடவை, 21-லிருந்து இரண்டு தடவை. நிலாவுக்கும் முகமூடிக்கும் மகளுக்கும் அவர்களிடம் மூன்று தனித்தனிச் சொல். தமிழில் எழுதினால் மூன்றுமே ‘தால்’தான். நிலாவில் த மென்மையாக வரும், முகமூடியில் மூச்சோடு, மகளில் தொண்டையை இறுக்கி. நம் எழுத்தில் இந்த வேறுபாடு இல்லாததால் காதும் முதலில் பிடிக்காது. தமிழில் எழுதி வைத்துக்கொண்டு படிப்பதை இன்றோடு நிறுத்து. எண்களும் இரண்டு வரிசை. மூன்றரை மணிக்கு ‘மூன்று’ அவர்களுடைய சொந்த எண், ‘முப்பது நிமிடம்’ சீன வழி வந்த எண். ஒரே வாய்க்குள் இரண்டும் வரும்.

தேர்வு நாள் ஞாயிற்றுக்கிழமை. இங்கே இரண்டாம் தாளுக்கு 12.20-க்குள் உள்ளே இருக்க வேண்டும், பிறகு கதவு திறக்காது. 1 மணிக்குக் கேட்டலும் எழுத்தும் சேர்ந்து 110 நிமிடம், இடைவேளைக்குப் பின் வாசிப்பு 70 நிமிடம். கேட்டல் ஓடும்போது எழுத்துப் பகுதியைத் தொட்டாலோ, எழுத்து நேரத்தில் கேட்டலுக்கு விடை குறித்தாலோ முறைகேடு என்று எழுதிவிடுவார்கள். ஆகவே கேட்கும்போதே வட்டத்தை நிரப்பிக்கொண்டு போ. பேனா அவர்களே தருவார்கள். தடித்த முனை வட்டத்துக்கு, மெல்லிய முனை எழுத்துக்கு. தவறான விடைக்குக் கழிவு கிடையாது, ஒன்றையும் வெறுமனே விடாதே.

கணினியில் எழுதும் முறை 2023 நவம்பரில் வந்தது. கொரியத் தட்டச்சில் மெய் இடக்கையில், உயிர் வலக்கையில். விரல் பழகாமல் அதற்குப் பதிவு செய்யாதே. பேச்சுத் தேர்வு தனி, 6 கேள்வி. பல்கலைக்கழகம் கேட்டால் மட்டும் அதற்குப் போ.

தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். இங்கே கல்வியாண்டு மார்ச்சில் தொடங்குகிறது, விண்ணப்பம் அதற்குப் பல மாதம் முன்பே. ரொம்ப முன்னதாக எழுதி வைத்துப் பயனில்லை. சென்னையில் இன்கோ சென்டர் என்கிற இந்திய-கொரியப் பண்பாட்டு மையத்தில் வகுப்பு நடக்கிறது, விசாரி. பழைய வினாத்தாள் சிலவற்றை டோபிக் தளத்திலேயே இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்காதே.

மாமா பையன் தொழிற்சாலை வேலைக்குக் கேட்டானாமே. அதற்கு இ.பி.எஸ்.-டோபிக் என்று வேறொரு தேர்வு, கேட்டலும் வாசிப்பும் மட்டும். கொரிய அரசு ஒப்பந்தம் போட்ட நாட்டுக்காரர்கள்தான் எழுத முடியும். இலங்கை அந்தப் பட்டியலில் இருக்கிறது, இந்தியா இல்லை. அந்தத் தேர்வைக் காட்டி யாராவது ஏஜெண்ட் முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று மாமாவிடம் நீயே நேரில் போய்ச் சொல்லு.

இன்னொன்று. பதிவு செய்யும்போது பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். உன் கல்லூரிச் சான்றிதழில் அப்பா பெயர் இனிஷியலாக இருக்கிறது, பாஸ்போர்ட்டில் முழுதாக இருக்கிறது. சான்றிதழைப் பார்த்து நிரப்பிவிடாதே. பாஸ்போர்ட் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா